பெட்டகத்துக் காசுக்குத் தரம் குறிப்பவர் யார்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்துள்ள களுதாவளைக் கிராமம் பிள்ளையார் ஆலயத்திற்கும் வெற்றிலைச் செய்கைக்கும் பெயர் பெற்றது. அங்குள்ள வெற்றிலைச் செய்கையாளருக்குத் தரம் என்றால் என்னவென்று எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே கொடியில் ஒரே நாளில் கிள்ளிய இலைகளே ஆயினும், அளவு, தடிப்பு, நிறம், பழுது ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்து அடுக்கிய பின்னரே விலை பேசப்படுகிறது. ஓட்டை விழுந்த இலைக்கும் பழுதற்ற இலைக்கும் ஒரே விலை கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே அளவு அறிந்தவர்களாக இருப்பதால் பேரம் ஏறக்குறையச் சமநிலையில் நடைபெறுகிறது.

ஆனால், அதே செய்கையாளரின் வீட்டுப் பெட்டகத்தின் அடியில் பாட்டனார் காலத்துக் காசுகள் சில கிடக்குமானால், அவற்றை விற்கும் வேளையில் இந்தச் சமநிலை இல்லாமற் போகிறது. பழம்பொருள் தேடி வீடு வீடாக வரும் வியாபாரி காசைப் புரட்டிப் பார்க்கிறார், ஒரு தொகையைச் சொல்கிறார், வீட்டுக்காரர் தலையசைக்கிறார். வியாபாரி எதைப் பார்த்தார், எதனால் ஒன்றை எடுத்து மற்றொன்றை ஒதுக்கினார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. தரத்தைக் குறிப்பவரும் விலையைச் சொல்பவரும் ஒருவரே ஆகிவிட்ட இந்த வியாபாரத்தில் இழப்பு யாருக்கு என்பதைக் கூறத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது கையிலிருந்த நகைநட்டை அடகு வைத்தும் விற்றும் நாள் தள்ளிய குடும்பங்களை நாம் அறிவோம். இக்கட்டான வேளையில் வீட்டிலுள்ள பழைய பொருளின் பெறுமதியை அறியாதிருப்பது எத்துணை பெரிய பலவீனம் என்பதை அக்காலம் நன்கு உணர்த்திற்று. ஆகவே, காசுகளின் தரம் என்பது என்ன, அது விலையை எவ்வாறு நிர்ணயிக்கிறது, எந்த இடத்தில் அது பெறுமதியை அளக்கத் தவறுகிறது என்பவற்றை நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில், எமது பிரதேசத்து வீடுகளில் எவ்வகைக் காசுகள் இருக்கக்கூடும் என்பதைப் பார்ப்போம். மட்டக்களப்புக் கோட்டையை 1638 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை பொறித்த சிறு செப்புக் காசுகள் இலங்கையின் கரையோரமெங்கும் புழங்கின. 'துட்டு' என்று நாம் இன்றும் வழங்கும் சொல், 'டொயிட்' என்ற அந்த ஒல்லாந்தக் காசின் பெயரிலிருந்து வந்ததென்பர். அதன்பின் ஆங்கிலேயர் வெளியிட்ட யானை உருவம் பொறித்த காசுகள் வந்தன. அவ்வரிசையில் 1821 ஆம் ஆண்டைத் தாங்கிய வெள்ளி றிக்ஸ் டொலரை எம் முன்னோர் 'இறைசால்' என்றனர். 1872 முதல் ரூபாவும் சதமும் நாட்டின் முறையான கணக்கு அலகுகளாயின. 1870 ஆம் ஆண்டு பொறித்த விக்டோரியா காலத்துச் சதம் முதலாக வந்த செப்புக் காசுகளில் ஒருபுறம் முடியரசரின் தலையும் மறுபுறம் பனையினத்து மரமொன்றும், அம்மரத்தின் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதியும் இடம்பெற்றன. இவற்றோடு பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய்கள், ஆங்கிலத் தங்கப் பவுண்கள், 1957 ஆம் ஆண்டில் புத்த ஜயந்தியையொட்டி வெளியிடப்பட்ட ஐந்து ரூபா வெள்ளி நாணயக் குற்றி ஆகியனவும் பழைய குடும்பங்களில் இருக்கக்கூடியவை.

இவற்றுக்கான சேகரிப்பாளர் விலையை நான்கு காரணிகள் நிர்ணயிக்கின்றன. காசு எவ்வளவு அரிதானது, அதை விரும்பித் தேடுவோர் எத்தனை பேர், அதிலுள்ள உலோகத்தின் விலை என்ன, அது இன்று எந்நிலையில் உள்ளது என்பவையே அவை. இந்நான்கில் முதல் மூன்றும் வீட்டுக்காரரின் கையில் இல்லாதவை. நான்காவதான நிலை மட்டுமே அவரது கையில் உள்ளது. அதனையே சேகரிப்பாளர் தரம் என்கின்றனர்.

தரம் என்பது எளிய சொற்களிற் கூறின், அச்சிலிருந்து விழுந்த கணத்தில் ஒரு காசின் மேனியில் இருந்தவற்றுள் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதற்கான அளவுகோலாகும். கைமாறக் கைமாறக் காசின் மேடான பகுதிகளே முதலில் தேய்கின்றன. அரசியின் தலைமுடிக் கற்றை, கன்னம், முடியிலுள்ள நுண்வேலைப்பாடு, மர ஓலைகளின் கீற்று ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக மழுங்கும். அதன்பின் எழுத்துகள் தேயும். முடிவில் ஆண்டு இலக்கமும் மறைந்து, காசு வெறும் வட்டத் தகடாகிவிடும். பழைய சதமொன்றைக் கையில் எடுப்பவர், மரத்தின் அருகிலுள்ள தமிழ் எழுத்தின் வளைவுகள் கூர்மையாக உள்ளனவா, மழுங்கியுள்ளனவா, ஓலைகளைத் தனித்தனியே பிரித்தறிய முடிகிறதா என்று நோக்கினாலே தரம் பார்க்கும் கலையின் முதற்பாடத்தைக் கற்றவராகிவிடுவார்.

இந்தத் தேய்மானத்தைச் சொற்களால் வகைப்படுத்துவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. 'குட்', 'பைன்', 'வெரி பைன்', 'எக்ஸ்ட்ரீம்லி பைன்', 'அன்சேர்கியுலேட்டட்' என்ற ஆங்கிலச் சொற்களே இன்றும் விலைப்பட்டியல்களில் காணப்படுகின்றன. இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'குட்' என்ற சொல்லுக்கு நல்லது என்று பொருள் கொண்டு மகிழ்பவர் ஏமாந்து போவார். அச்சொல் காசு வியாபாரத்தில் உருவம் மட்டும் புலப்படும் அளவுக்கு மிகவும் தேய்ந்துபோன காசையே குறிக்கும். நுண்வேலைப்பாடு ஓரளவேனும் எஞ்சிய காசே 'பைன்' எனப்படும். புழக்கத்துக்கே வராத காசுதான் 'அன்சேர்கியுலேட்டட்'. ஆகவே, பட்டியலில் உச்ச விலையைக் கண்டுவிட்டு வீட்டிலுள்ள தேய்ந்த காசுக்கும் அதுவே விலை என்று எண்ணுவது தவறாகும்.

சொற்களை இலக்கங்களாக மாற்றியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். 1949 ஆம் ஆண்டில் அந்நாட்டின் பழைய பெரிய சதங்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் 1 முதல் 70 வரையான அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். 1 என்பது இனங்காண மட்டுமே இயலும் நிலை. 70 என்பது குறையற்ற நிலை. இலக்கத்துக்கும் விலைக்கும் நேர்த் தொடர்பு உண்டென்பதே அவரது கணிப்பு. அதாவது, 1 ஆம் தரக் காசு ஒரு டொலர் பெறுமானால் 70 ஆம் தரக் காசு எழுபது டொலர் பெறும். அந்த நேர்க்கணக்கைச் சந்தை விரைவிலேயே மீறிவிட்டது. அளவுகோல் மாத்திரம் நிலைத்துவிட்டது. இன்று ஏறத்தாழ 4 என்பது 'குட்', 12 'பைன்', 20 முதல் 'வெரி பைன்', 40 முதல் 'எக்ஸ்ட்ரீம்லி பைன்', 60 முதல் 70 வரை புழங்காத காசு என்றவாறு உலகச் சந்தையில் வழங்கப்படுகிறது.

1980 களின் நடுப்பகுதி வரை தரத்தைச் சொன்னவர் பெரும்பாலும் விற்பவரே. விற்கும்போது ஒரு தரமும் அதே காசைத் திரும்ப வாங்கும்போது இன்னொரு தரமும் சொல்வது வழமையாயிற்று. இதற்கு மாற்றாக, வாங்குபவரும் அல்லாத விற்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பினராகக் கட்டணம் பெற்றுத் தரம் குறிக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றின. பி.சி.ஜி.எஸ். 1986 ஆம் ஆண்டிலும் என்.ஜி.சி. 1987 ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. இவை காசைப் பரிசீலித்து, தரத்தை இலக்கமாகக் குறித்து, கடினமான ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையினுள் அடைத்துத் தருகின்றன. காசின் உண்மைத்தன்மைக்கும் அவை உத்தரவாதம் அளிப்பதால், காசை நேரிற் காணாமலேயே கடல் கடந்தும் வாங்கவும் விற்கவும் வழி பிறந்தது.

தரத்தால் விலை எவ்வளவு வேறுபடும் என்பதற்கு ஓர் உச்ச உதாரணத்தைக் கூறலாம். 1794 ஆம் ஆண்டைத் தாங்கிய அமெரிக்க வெள்ளி டொலர்கள் வெறும் 1,758 மட்டுமே வெளியிடப்பட்டதாகக் கணக்கு உண்டு. அவற்றுள் 66 என்ற தரம் பெற்ற ஒரு காசு 2013 ஜனவரியில் நடந்த ஏலத்தில் ஒரு கோடி டொலருக்கும் அதிகமான விலைக்குப் போயிற்று. அதே ஆண்டின் தேய்ந்த காசுகளோ அத்தொகையின் சிறு பங்குக்கே கைமாறுகின்றன. ஆயினும் தேய்ந்த காசுக்கும் அங்கே வாங்குவோர் காத்திருக்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

இதிலிருந்து கிடைக்கும் விதி, எமது பெட்டகத்துக் காசுக்கும் பொருந்துவதாகும். காசு அரிதானதாயின், தரம் குறைந்தாலும் அதற்கு விலை உண்டு. காசு பெருந்தொகையாக வெளியிடப்பட்டதாயின், தரம் ஒன்றே அதற்கு விலை தேடித் தரும். பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். 11.66 கிராம் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட அந்த ரூபாய் பல ஆண்டுகளில் கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டது. தேய்ந்த நிலையில் அது வெள்ளியின் விலையை ஒட்டியே போகும். அதே ரூபாய் அச்சிட்ட அன்றைய ஒளியோடு இருக்குமானால், அவ்வாறு தப்பியவை சிலவே ஆதலால், அதன் விலை பன்மடங்காகும். மறுபுறம், 1911 ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றியைப் போலத் தோன்றியமையால் எதிர்ப்பு எழுந்து, அச்சு மாற்றப்பட்டது. பெரும்பகுதி புழக்கத்துக்கு விடப்படாத அக்காசைச் சேகரிப்பாளர் 'பன்றி ரூபாய்' என்றே தேடி வாங்குகின்றனர். சற்றுத் தேய்ந்திருந்தாலும் அதற்குத் தனிவிலை உண்டு. தங்கப் பவுணைப் பொறுத்தவரை, பெரும்பாலானவற்றுக்குத் தங்கத்தின் விலையே பிரதானம். தரத்தால் வரும் மேலதிக விலை சிறிதே. எனினும் நகைத் தொழிலாளி தராசில் எடையை மாத்திரமே பார்ப்பார். எங்கே, எந்த ஆண்டில் வார்க்கப்பட்டது என்பதை உருக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியவர் உடைமையாளரே.

இனி, மிகவும் வருந்தத்தக்க விடயத்துக்கு வருவோம். காசின் தரத்தைக் கெடுப்பவை புழக்கம், காலம் ஆகிய இரண்டு மட்டுமல்ல. நாம் அதன்மீது காட்டும் மரியாதையும் அதனைக் கெடுத்துவிடுகிறது. குத்துவிளக்கையும் செம்பையும் புளியும் சாம்பலும் இட்டுத் தும்பால் தேய்த்துப் பளபளக்க வைப்பது எமது பெண்களின் நெடுநாள் வழக்கம். பொங்கலுக்கோ புத்தாண்டுக்கோ அதே கையோடு பெட்டகத்துக் காசும் தேய்க்கப்படுகிறது. அழுக்கு நீங்கிக் காசு புதிதாய்த் தோன்றுகிறதென்று வீட்டார் மகிழ்கின்றனர். சேகரிப்பாளரின் கண்ணுக்கோ அது பாழாய்ப்போன காசு.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். செப்புக் காசின் மேல் ஆண்டுகள் பல கழிந்து படியும் பழுப்புப் படலம் அழுக்கு அன்று. காற்றிலுள்ள ஒட்சிசனோடு செம்பு மெதுவாகச் சேர்ந்து உருவாகும் அப்படலம், உள்ளிருக்கும் உலோகத்தைப் பாதுகாக்கும் தோலாகவும் விளங்குகிறது. புளியிலுள்ள அமிலம் அத்தோலைக் கரைத்து, இயல்புக்கு மாறான வெளிர்சிவப்பு நிறத்தை வெளிக்கொணர்கிறது. சாம்பலும் தும்பும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஆயிரம் மயிர்க்கோடுகளைக் கீறிவிடுகின்றன. வில்லையின் கீழ் ஒளியைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பவர் அக்கோடுகளை உடனே கண்டுவிடுவார். தரம் குறிக்கும் நிறுவனங்கள் இத்தகைய காசுக்கு வழமையான இலக்கத் தரம் வழங்காமல், துப்புரவாக்கப்பட்டது என்ற குறிப்போடு ஒதுக்கிவிடுகின்றன. தேய்ந்த காசின் விலை குறைவதற்கு ஐம்பது ஆண்டுக் காலப் புழக்கம் வேண்டும். தேய்த்த காசின் விலை குறைவதற்கு ஐந்து நிமிடம் போதும். மினுக்கும் திரவங்களால் துடைத்தவற்றின் கதியும் இதுவே. தாலிக்கொடியிலோ காசுமாலையிலோ கோப்பதற்காகத் துளையிட்ட அல்லது வளையம் பற்றவைத்த காசும் இதே வகையைச் சேரும். ஆயினும் அங்கே அக்காசு ஆபரணமாக வேறொரு பெறுமதியைப் பெற்றுவிடுவதால் அதனை இழப்பு என்று நாம் கூறமாட்டோம்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள களுதாவளை போன்ற ஊர்களில் இன்னொரு பகையும் உண்டு. அது காற்றிலுள்ள உப்பு. உப்பின் குளோரைட்டு செம்போடு சேர்ந்தால், ஈரப்பதன் கிடைக்குந்தோறும் உலோகத்தை அரித்துக்கொண்டே போகும் இரசாயன மாற்றம் தொடங்குகிறது. காசின் மேல் வெளிர்பச்சைத் தூளாக வெடித்துக் கிளம்பும் இதனை அருங்காட்சியகத்தார் வெண்கல நோய் என்கின்றனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரையோரத்தைத் தாக்கியபோது உப்புநீரில் ஊறிய உலோகப் பொருட்களில் இத்தகைய அரிப்பு ஆண்டுகள் கழிந்தும் தலைகாட்டக்கூடியது. பச்சைத் தூள் கக்கும் காசை ஏனைய காசுகளிலிருந்து விலக்கி, உலர்ந்த இடத்தில் வைப்பதே முதற் காப்பு. மென்மையான பிளாஸ்டிக் உறைகள் கொண்ட மலிவான அல்பங்களும் ஆபத்தானவை. அப்பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் காசின்மேல் பசைபோன்ற பச்சைப் படிவை ஏற்படுத்தும். காய்ந்த தடித்த காகித உறையில் தனித்தனியே இட்டு, தொடும்போது விளிம்பை மட்டும் பிடிப்பது போதுமானது, செலவும் இல்லை.

இவ்விடத்தில் எமது மரபிலேயே உள்ள ஒரு நன்மையையும் சுட்டிக்காட்ட வேண்டும். சித்திரைப் புத்தாண்டில் மூத்தோர் வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேடம் வழங்குவர். அதற்கெனப் புதுக் காசைத் தேடி எடுப்பதும், வாங்கியவர் அதைச் செலவிடாமல் பேணுவதும் பல குடும்பங்களின் வழக்கம். நேர்த்திக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசும் இவ்வாறே. இத்தகைய காசு புழக்கத்தையே காணாதது. ஒரு சாதாரண ஐம்பது சதமோ ஒரு ரூபாவோ உயர் தரத்தில் எஞ்சியிருப்பின், அது பெரும்பாலும் இவ்வாறான அன்பினாலும் பக்தியினாலும் எஞ்சியதாகவே இருக்கும். ஆகவே பெட்டகத்தைத் திறப்பவர்கள், பெரியதும் பழையதுமான காசை மாத்திரம் எடுத்து, சிறு காசுகளைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு விட்டுவிடலாகாது.

அப்படியாயின், காசுகளை எல்லாம் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பித் தரம் பெற்றுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது பெரும்பாலானோருக்குப் பயனற்ற செலவாகும் என்பதே எமது கருத்து. ஒரு காசுக்கான கட்டணம், அனுப்பும் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்ந்து சில பத்து டொலர்களாகிவிடும். எமது வீடுகளிலுள்ள காசுகளில் மிகப் பெரும்பாலானவை அத்தொகையை எட்டாதவை. மேலும், இலக்கம் இட்டுவிட்டதனால் தரம் என்பது எடைபோல, நீளம்போல ஐயத்துக்கு இடமற்ற அளவாகிவிடவில்லை. அது பயின்ற கண்களின் கருத்தே. ஒரே காசு இருமுறை அனுப்பப்பட்டு இருவேறு இலக்கம் பெற்று வருவதுண்டு. ஓர் இலக்க வேறுபாடு விலையை இரட்டிப்பாக்கும் இடங்களில், உறையை உடைத்து மீண்டும் மீண்டும் அனுப்பி உயர்ந்த தரத்துக்கு முயல்வதே சிலரது தொழிலாகியுள்ளது. போலி உறைகளும் சந்தைக்கு வந்துள்ளன. அளவுகோலை வகுத்த ஷெல்டனே, நியூயோர்க் நகரின் அமெரிக்க நாணயவியல் கழகச் சேகரிப்பிலிருந்த சிறந்த சதங்களை எடுத்துக்கொண்டு, தரம் குறைந்த தமது காசுகளை அவற்றினிடத்தில் வைத்தார் என்பது 1977 ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர் வெளிப்பட்டது. தரத்தின் அருமையை அறிந்தவரின் கையிலேயே தரமாற்றமும் நிகழ்ந்தது என்பது இத்துறையில் எவரையும் கண்மூடி நம்பலாகாது என்பதற்குப் போதிய சான்றாகும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. காசுகளும் அதில் அடங்கும். மண்ணைக் கிண்டும்போது கிடைக்கும் பழங்காசு கண்டெடுத்தவரின் சொத்தன்று, அரசுக்குரியது. உரிய அனுமதிப்பத்திரமின்றி அத்தகைய காசை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றமாகும். தரம் பார்ப்பதற்கென்று ஒல்லாந்தர் காலத்துக் காசொன்றைத் தபாலில் இடுபவரும் இதற்கு விலக்கல்லர்.

கையடக்கத் தொலைபேசிக்கு வரும் மோசடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். பழைய காசுக்குப் பல இலட்சம் தருவதாக ஆசை காட்டி, பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று முன்பணம் பறிப்பவர்கள் பெருகியுள்ளனர். தனது பெயரைப் பயன்படுத்தி இவ்வாறு கட்டணமும் தரகும் கேட்கப்படுவதாகவும் தான் அத்தகைய வியாபாரம் எதிலும் ஈடுபடுவதில்லை என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஓகஸ்ட் மாதத்தில் பகிரங்கமாக எச்சரித்தது. காசைக் கையில் எடுத்துப் பார்க்காமல், தரத்தைக் கேட்காமல், எடுத்த எடுப்பிலேயே இலட்சங்களைப் பேசுபவர் காசை வாங்க வந்தவர் அல்லர். உண்மையாக வாங்குபவரின் முதற் கேள்வி எப்போதும் காசின் நிலையைப் பற்றியதாகவே இருக்கும்.

இதுவரை கூறியது சந்தையின் தரம். வரலாற்றின் தரம் வேறு. யாழ்ப்பாண அரசர்களின் வெளியீடாக அறிஞர்கள் கொள்ளும், காளையும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் பொறித்த காசுகளிற் பல மழுங்கியவையே. அம்பாந்தோட்டை மாவட்டத்தின் திஸ்ஸமகாராமைக்கு அண்மையிலுள்ள அக்குறுகொடையில் கிடைத்த, பழந்தமிழ்ப் பெயர்கள் பொறித்த சிறு காசுகள் சந்தைக் கண்ணுக்கு அற்பமானவை. ஆனால் அவற்றை ஐராவதம் மகாதேவன், பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றோர் வாசித்தமையால் இலங்கைத் தமிழரின் தொன்மை குறித்த ஆய்வில் அவை முக்கிய இடத்தைப் பெற்றன. தமிழகத்தில் 'தினமலர்' ஆசிரியராக விளங்கி 2021 இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இனங்கண்டு வெளியிட்ட 'பெருவழுதி' என்ற எழுத்துடைய செப்புக் காசும் அழகினால் அன்றி எழுத்தினாலேயே பெருமை பெற்றது; சங்ககாலப் பாண்டியர் காசு வெளியிட்டமைக்கு அது சான்றாயிற்று. இத்தகைய காசைக் கழுவித் தேய்ப்பவர் விலையை மட்டுமன்றி எழுத்தையும் அழித்துவிடக்கூடும்.

வரலாற்றுக்கு வேண்டியது காசு மட்டுமன்று. அது எங்கே, எவ்வாறு, எவற்றோடு கிடைத்தது என்ற செய்தியுமாகும். எந்தத் தர நிறுவனமும் அச்செய்தியை உறையினுள் அடைத்துத் தருவதில்லை. வியாபாரியின் பைக்குள் போன கணத்தில் காசு ஊரைப் பிரிகிறது. அதன் கதை அழிந்துவிடுகிறது. யுத்தமும் இடப்பெயர்வும் 1978 ஆம் ஆண்டின் சூறாவளியும் ஆழிப்பேரலையும் மட்டக்களப்பு மக்களின் ஆவணங்களில் எவ்வளவையோ கொண்டுபோய்விட்டன. எஞ்சிய காசு சில குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரே ஆவணமாகவும் இருக்கக்கூடும். அதனை நாம் ஒரு சில ஆயிரம் ரூபாவுக்காக அவசரப்பட்டுக் கைவிடலாமா என்பதே எமது கேள்வி.

களுதாவளையிலும் அயற்கிராமங்களிலும் உள்ள பாடசாலைகளின் வரலாற்று ஆசிரியர்கள் மனம் வைத்தால் இதற்குப் பெருஞ்செலவின்றி வழி காணலாம். மாணவர் தத்தம் வீட்டுக் காசின் இருபுறத்தையும் படமெடுத்து, எடையையும் விட்டத்தையும் குறித்து, அது வீட்டுக்கு வந்த கதையைப் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்கலாம். காசு வீட்டிலேயே இருக்கட்டும். பதிவு மட்டும் பாடசாலையில் இருக்கட்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் இத்தகைய பதிவுகளை ஒழுங்குபடுத்த வழிகாட்டுமானால் அது பிரதேசத்துக்குச் செய்யும் நற்பணியாக அமையும்.

குடும்பங்களுக்கு நாம் கூற விரும்புவது சுருக்கமானது. காசைத் தேய்க்காதீர்கள். உலர்ந்த காகிதத்தில் தனித்தனியே வையுங்கள். விற்க வேண்டிய நிலை வந்தால், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லை ஒன்றை இரவல் வாங்கியேனும் எழுத்தையும் ஆண்டையும் தேய்மானத்தையும் முதலில் நீங்களே பாருங்கள். அதன்பின் ஒருவரிடமன்றி இருவர் மூவரிடம் விலை கேளுங்கள். தரத்தை அறிந்தவருக்கு விலையை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு. அறியாதவருக்கோ வந்தவர் சொன்னதே விலை என்றாகிவிடும்.